ஒட்டு வீணை

ஆகஸ்ட் 31, 2025, ஞாயிறு

கொலுவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அம்மா இன்றே பரணைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். பொம்மைப் பெட்டிகள், படிப் பலகைகள், யாருடைய கல்யாணத்துக்கு வந்தது என்றே தெரியாத ஒரு பித்தளை அண்டா. எல்லாவற்றுக்கும் பின்னால், அப்பாவின் எட்டு முழ வேட்டியில் சுற்றிய வீணை.

பிரித்துப் பார்த்தோம். ஏழு தந்திகளில் மூன்று அறுந்திருந்தன. மற்றவை துருப்பிடித்துத் தொட்டால் விரலில் பழுப்பு ஒட்டியது. கறுப்பு மெழுகு கோடை வெயிலில் இளகி வழிந்து, மேலே பதித்த, விரல் அழுத்துகிற வெண்கல மெட்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. வீணையின் நுனியில் இருக்கும் யாளித் தலையில் ஒரு காது இல்லை. இடது பக்கத்துச் சுரைக்காய்க் குடுக்கையில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

இந்த வீணையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 1981இல் அம்மா கல்யாணமாகி வந்தபோது கும்பகோணத்திலிருந்து கூடவே வந்தது. ஒரு நாள் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, “இந்த வீட்டில் தினமும் கச்சேரியா?” என்று கேட்டாராம். அன்றைக்கு மூடிய வீணைதான். அப்பாயியோடு எனக்கு எவ்வளவோ ஒட்டுதல் உண்டு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரை நான் மன்னித்ததே இல்லை.

திரும்ப வேட்டியைச் சுற்றப் போனேன். “இறக்கியதை மறுபடி மேலே ஏற்றாதே, தம்பி” என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பொம்மைகளைத் துடைக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 3, புதன்

மகளுக்கு வீணை ஒரு புதிய விலங்கு மாதிரி. கீபோர்டு வாசிக்கிற பெண். சுருதி காட்டும் செயலியைச் செல்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் தந்தியை ஒவ்வொரு மெட்டாக அழுத்திப் பார்த்தாள். எதற்கும் பச்சை விளக்கு எரியவில்லை. “பாட்டி, இது எந்த ராகத்திலும் இல்லை” என்றாள். அம்மா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

வேட்டி மடிப்பில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அரசு இசைத் தேர்வில் அம்மா லோயர் கிரேடு தேறிய சான்றிதழ், 1975. நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாகப் பார்க்கிறேன். சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். “மாட்டினால் வருகிறவர்கள் வாசிக்கச் சொல்வார்கள்” என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தஞ்சாவூர் போய் வந்தோம். காரின் பின் இருக்கையில் வீணைக்கு இரண்டு தலையணை. அதன் யாளி முகம் அம்மா மடியில்.

பட்டறை என்றால் ஒரு வீட்டின் முன்பக்கக் கூடம், அவ்வளவுதான். தரையெல்லாம் மஞ்சள் நிறத்தில் பலாமரச் செதில். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து மரம் வருகிறதாம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்த செய்தித்தாள் நறுக்கைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மேலே மரத்தூள் படிந்து எழுத்து பாதிதான் தெரிந்தது.

ஒரே மரத்தில் உருண்டையான குடம், நீண்ட தண்டி, நுனியில் யாளி மூன்றையும் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. பேச்சு வழக்கில் ஏகாந்த வீணை ஆகிவிட்டது. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. நாற்பத்து நான்கு வருடம் பரண்மேல் ஏகாந்தமாகக் கிடந்தாலும் எங்களுடையது ஒட்டு வீணைதான்.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எடுத்ததும் கேட்டது, “சுருதி எத்தனை கட்டையம்மா?” நான் விழித்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. “மூன்று” என்றார், கடைக்காரரிடம் ரவிக்கை அளவு சொல்வதுபோல.

பழைய மெழுகை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்ட வேண்டும் என்றார். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் மேல் இரு பக்கமும் கரைபோல எழுப்பி, அதில் இருபத்து நான்கு மெட்டுகளையும் பதிப்பதற்குப் பெயர்தான் மேளம் கட்டுதல். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்த வேண்டும். மகள் தன் செயலியை நீட்டினாள். அவர் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் மெட்டுகளின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிக்கொண்டே போனார். அங்கங்கே நின்றார். தந்தி உராய்ந்து உராய்ந்து வெண்கலத்தில் பள்ளம் விழுந்த இடங்கள். “இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு” என்று எண்ணினார். “மற்றதெல்லாம் லேசான தேய்மானம். ஆரம்பப் பாடம் வாசித்தது. இந்த ஐந்தில்தான் பள்ளம். மோகன ராகம் நிறைய வாசித்திருக்கிறீர்கள் அம்மா. அதிலும் ஒரே உருப்படி என்று தோன்றுகிறது.”

சட்ஜம் திறந்த தந்தியில் வந்துவிடும். இரண்டாவது மெட்டு ரிஷபம், நான்கு காந்தாரம், ஏழு பஞ்சமம், ஒன்பது தைவதம், பன்னிரண்டில் மேல் சட்ஜம். எல்லாம் மோகனத்தின் சுரங்கள். கணக்குச் சரிதான். அம்மா தெருவில் போகிற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நாள், இரவு

திரும்பும் வழியில் செங்கிப்பட்டியில் தேநீருக்கு நிறுத்தினோம். மகள் காரிலேயே தூங்கிவிட்டாள். நான் கேட்கவில்லை. அம்மாவாகவே சொன்னார்.

அவரைப் பெண் பார்க்க ஐந்து வீட்டார் வந்தார்கள். ஐந்து முறையும் பட்டுப்புடவை, காபி, வீணை. தாத்தா தேர்ந்தெடுத்தது மோகனத்தில் ஒரு சின்னக் கீர்த்தனை. யார் கேட்டாலும் இனிக்கும், தவறு வர இடமில்லை, காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். யாரும் வராத மாதங்களிலும் அதையே வாசிக்கச் சொல்வாராம், கை மறந்துவிடக் கூடாது என்று. மூன்றாவதாக வந்தவர்கள் பாதியில் சம்பளப் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள். இவர் முடிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் சரணத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாராம். நான்காவது வீட்டம்மாள் விரல் நுனியைத் திருப்பிப் பார்த்து, “கறுத்திருக்கிறதே” என்றாராம். தந்தி பட்டால் கறுக்காதா?

“ஐந்தாவது உங்கள் அப்பா. பல்லவி முடிந்ததும், ‘போதும், கை வலிக்கும்’ என்றார். அதற்காகத்தான் சரி என்றேன்.”

அப்பா எதையாவது போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு டம்ளர் மோர் என்றால் இரண்டு குடிக்கிறவர்.

“அப்படியானால் அப்பாயி?”

“அவர் என்ன செய்வார், பாவம். வந்த புதிதில், ஏன் வாசிப்பதில்லை என்று இரண்டு முறை கேட்டார். மெழுகு இளகிவிட்டது, ஆள் வந்து சரிசெய்ய வேண்டும் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஆளைத் தேடச் சொல்லவில்லை. எனக்கு அதைப் பார்த்தாலே காபி வாசனை வந்தது, தம்பி.”

கச்சேரி பற்றி அப்பாயி சொன்னது அப்பாவின் டிரான்சிஸ்டரைத்தானாம். இரவு பதினொரு மணி வரை சிலோன் வானொலி. யாரோ ஓர் உறவுக்காரர் கல்யாண வீட்டில், மாமியார் தடுத்துவிட்டாரா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். அப்பாயி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மறுக்கவில்லை. அம்மாவும் இல்லை என்று சொல்லவில்லை. கதை அப்படியே நின்றுவிட்டது.

2006இல் அப்பாயி இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தியில், இதே கதையை ஏதோ நியாயம் கேட்கிறவன்போல நான்கு பேர் நடுவே நான் சொல்லியிருக்கிறேன். அன்று பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் முகம் இப்போது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

வேலைக்கு நடுவிலும் இதே நினைப்பு. எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் வீணை, வீணை என்றால் அம்மா. அப்பாயிக்குச் சங்கீதம் ஆகாது. இப்படித்தானே நாற்பது வருடம் பிரித்து வைத்திருந்தோம்.

ஆனால் தெருவில் ஒரு சாவு என்றால் அப்பாயிக்குத்தான் முதலில் ஆள் வரும். இடுப்பில் செருகிய சுருக்குப் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கட்டிக்கொள்வார்கள். தலைவிரி கோலம். அப்பாயி ஓர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் இழுத்து முடிப்பார்கள். இறந்தவர் கொத்தனார் என்றால் ஒப்பாரியில் மதில் வரும், மச்சு வரும். விவசாயி என்றால் வாய்க்காலும் வரப்பும் வரும். வீட்டுக்குள் நுழைந்து இரண்டு நிமிடம் சுற்றிலும் பார்ப்பார், அதிலிருந்தே கட்டிவிடுவார். ஒரு முறை, பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவரையும் பெயர் சொல்லாமலே பாட்டில் இழுத்துவிட்டார். இருவரும் ஒரே பாடையைத் தூக்கினார்கள். இதற்கெல்லாம் யாரும் அவருக்கு லோயர் கிரேடு கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு உள்ளே வருவார். அந்தப் பாட்டும் தண்ணீரோடு போய்விட்டதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

தாலாட்டுக்கு நீலாம்பரி, அழுகைக்கு முகாரி என்று சொல்வார்கள். அப்பாயியிடம் இரண்டுக்கும் ஒரே மெட்டுதான், வேகம் மட்டும் வேறு. என்னைத் தூளியில் ஆட்டியதும் தாத்தாவை வழியனுப்பியதும் அதே இழுப்பு. (வீணையில் விரல் அழுத்துமிடமும் மெட்டு, பாட்டின் போக்கும் மெட்டு. இந்த வாரம்தான் கவனித்தேன்.) மத்தியானங்களில் சின்ன இரும்பு உரலில் வெற்றிலை இடிப்பார், பல் போன பிறகு. டொக், டொக், டொடொக். அந்த இடிக்கு ஏற்றபடி மூக்கால் ஏதோ முனகுவார்.

ஒரு கேசட்டில்கூட அவர் குரல் இல்லை. என் இரண்டு வயது மழலையைப் பதிவு செய்த கேசட் இருக்கிறது. அதில் பின்னால் உரல் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 20, சனி

பட்டறையிலிருந்து பேசினார். மேளம் கட்டிவிட்டார். மெழுகு இறுக இன்னும் சில நாள் ஆகும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். தேய்ந்த மெட்டுகளைத் தேய்த்துச் சமன் செய்யவா, மாற்றிவிடவா என்று கேட்டார். அம்மாவிடம் செல்பேசியைக் கொடுத்தேன்.

“தேய்த்துவிடுங்கள். பள்ளம் தெரியக் கூடாது.”

செப்டம்பர் 27, சனி

கொண்டுவந்துவிட்டோம். செலவு 6,500 ரூபாய். யாளிக்குக் காது முளைத்திருக்கிறது. வழியில் வீணைமேல் வெயில் படாமல் அம்மா முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டே வந்தார். வேறு விசேஷம் இல்லை. கொலு பார்க்க வந்தவர்களுக்குச் சுண்டல் போதவில்லை.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. மணையில் வீணை, சந்தனம், குங்குமம். பக்கத்தில் மகளின் கீபோர்டு, என் கணினி, அப்பாவின் டிரான்சிஸ்டர். இன்று எதையும் தொடக் கூடாது என்பதில் மகளுக்கு மட்டும் கொள்ளை மகிழ்ச்சி. நாளை அவளுக்குக் கணக்குத் தேர்வு இல்லை என்பதும் ஒரு காரணம்.

தீபாராதனைக்கு முன் அம்மா உள்ளே போய் எதையோ முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். அப்பாயியின் வெற்றிலை உரல். வீணைக்குப் பக்கத்தில் வைத்தார். மகள், “இது எதற்கு?” என்றாள். “ஆயுத பூஜைதானே” என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. காலை ஆறரை மணிக்கே அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சுவரோரம் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டார். சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், விரலில் தொட்டுக்கொள்ள.

சரளி வரிசை, மாயாமாளவகௌளை ராகத்தில். ஏழு வயதுப் பிள்ளை வாசிக்கிற பாடம். முதல் காலம், அதாவது மெதுவான வேகம், போயிற்று. இரண்டாம் காலத்தில் விரல் தாளத்தைவிட்டு ஓடியது. மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டார். வலது கைச் சுண்டுவிரல் தாளத் தந்தியைத் தட்ட மறந்து மறந்து தட்டியது. மகள், “அந்த மோகனம் வாசியுங்கள் பாட்டி, கை தானாக ஓடும்” என்றாள்.

“ஓடும். அதனால்தான் வேண்டாம்.”

பத்து நிமிடத்தில் இடது கை விரல் நுனிகள் சிவந்துவிட்டன. காட்டினார். காய்ப்பெல்லாம் எப்போதோ போய், பூப்போல இருந்தன.

அக்டோபர் 5, ஞாயிறு

மத்தியானம் தூக்கத்தில் ஏதோ கேட்டு எழுந்தேன். கூடத்தில் அம்மா, ஒரே தந்தியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஒரு மெட்டில் வைப்பது, தந்தியை ஓரமாக இழுப்பது, உதட்டைப் பிதுக்குவது, அடுத்ததற்குப் போவது. அரை நிமிடம் கழித்துத்தான் பிடிபட்டது. அப்பாயியின் தாலாட்டு. சமையலறையிலிருந்து வருடக்கணக்கில் கேட்டதாம்.

“இரண்டு மெட்டுக்கும் நடுவில் எங்கேயோ நிற்பார். இழுத்துப் பார்க்கிறேன், அந்த இடம் வரவில்லை. உன்னைத்தானே போட்டு ஆட்டினார், எங்கே, பாடு பார்க்கலாம்.”

முதல் அடியை முனகினேன். அம்மா தந்தியில் தொட்டுத் தொட்டுக் கூடவே வந்தார். இரண்டாவது அடியும் ஒருமாதிரி வந்தது. மூன்றாவது அடிக்கு வாயைத் திறந்தேன்.

“என்ன?”

“அதற்கு மேல் தெரியவில்லை அம்மா. அதற்குள் தூங்கியிருப்பேன்.”