மகேந்திரன் எழுதாமல் விட்ட வசனங்கள்

ஒரு இயக்குநரை ஜாம்பவான் என்று எதை வைத்துச் சொல்வது? எத்தனை படம் எடுத்தார், எத்தனை கோடி வசூல், வீட்டு அலமாரியில் எத்தனை விருது என்று ஆரம்பித்தால் இந்தப் பேச்சு ஒருநாளும் முடியாது, அந்தக் கணக்கில் அடுத்த வருஷமே இன்னொருவர் வந்து முந்திவிடுவார். எனக்கு இந்தக் கேள்வி வந்தாலே முதலில் நினைவுக்கு வருகிறவர் மகேந்திரன். மொத்தமே 12 படங்கள். அதில் பாதியை இன்று யாரும் தேடிப் பிடித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் 1978-லிருந்து 1980 வரை அவர் செய்ததை மட்டும் கழித்துவிட்டுத் தமிழ் சினிமாவின் கதையைச் சொல்லிப் பாருங்கள், சொல்லவே முடியாது.

ஏன் அப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பதில் இது: தனக்கு நன்றாகக் கைவந்த வித்தையை, மார்க்கெட்டில் நல்ல விலைக்குப் போகிற வித்தையை, படத்துக்கு இது வேண்டாம் என்று தெரிந்ததும் எடுத்து ஓரமாக வைத்துவிடுகிற துணிச்சல் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் பெரிய இயக்குநர். கைவராததை ஒதுக்குவதில் என்ன பெருமை இருக்கிறது, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மகேந்திரனுக்குக் கைவந்த வித்தை வசனம். இன்றைய தலைமுறையில் நிறைய பேருக்கு இது தெரியாது. அமைதியான படங்கள் எடுத்தவர் என்றுதான் அவரைத் தெரியும். ஆனால் 'தங்கப்பதக்கம்' எழுதியவர் அவர்தான்! முதலில் மேடை நாடகமாக வந்து, 1974-ல் படமாகி, சிவாஜியின் எஸ்.பி. சௌத்ரி பேசப் பேசத் தியேட்டரே அதிர்ந்த படம். ஒரு எழுத்தாளனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அதே பாணியில் இன்னும் பத்து இருபது படம் எழுதி சொகுசாக இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அப்படி எழுதிக்கொண்டிருந்த சினிமா மீது அவருக்கே ஒப்புதல் இல்லை, அதைப் பிற்காலத்தில் பேட்டிகளில் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அந்த மனக்குறை கல்லூரிக் காலத்திலேயே ஆரம்பித்தது. இளையான்குடியில் பிறந்தவர், இயற்பெயர் அலெக்சாண்டர், காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தார். கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர். வந்திருந்தபோது இவர் மேடையேறி, நிஜத்தில் காதலிக்கிறவர்கள் நாலு பேர் பார்க்கப் பேசிக்கொள்வதற்கே பயப்படுகிறார்கள், சினிமாவில் மட்டும் எப்படி ஊரறிய ஆடிப் பாடுகிறார்கள் என்று அவர் எதிரிலேயே கேட்டுவிட்டார். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ளவில்லை, பாராட்டினார், பின்னால் சென்னைக்கு வந்த அந்த இளைஞனிடம் 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் வேலையையும் கொடுத்தார். அந்தப் படம் எடுக்கப்படவில்லை, அது வேறு கதை. நடுவில் 'துக்ளக்' பத்திரிகையிலும் வேலை பார்த்தார். சினிமாவை வெளியே நின்று விமர்சிக்கிற ஆள் உள்ளே வந்து, அதே சினிமாவுக்கு எழுதிப் பிழைத்து, கடைசியில் இயக்குநர் நாற்காலி கிடைத்தபோது என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

1978 ஆகஸ்ட் 15-ல் 'முள்ளும் மலரும்' வந்தது. உமாசந்திரன் 'கல்கி'யில் எழுதிய நாவல்தான் மூலம். காளி (ரஜினி) மலையில் ஆட்களை ஏற்றி இறக்கும் விஞ்ச் வண்டியின் ஆபரேட்டர், தங்கை வள்ளிதான் (ஷோபா) அவனுக்கு உலகம், புதிதாக வந்த இன்ஜினீயரோடு அவனுக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது. கதையை இப்படி ஒரு வரியில் சொன்னால் அண்ணன் தங்கை பாசக் கதை, தமிழ் சினிமா அதற்கு முன்பே நூறு தடவை அழுது தீர்த்த கதை. தயாரிப்பாளரும் 'தங்கப்பதக்கம்' எழுதிய ஆள் அண்ணன் தங்கைக் கதை எடுக்கிறார், தியேட்டரில் கைக்குட்டை நனையும் என்றுதான் நம்பினார். ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை எல்லாம் சேருவதற்கு முன் படத்தைப் போட்டுப் பார்த்தபோது அவருக்குப் பெரிய அதிர்ச்சி, வசனம் எங்கே என்று கேட்டார். மீதியிருந்த பாடலைப் படமாக்கப் பணமும் வராமல் போய், அந்தச் செலவுக்குக் கமல்ஹாசன் கைகொடுத்ததால்தான் 'செந்தாழம்பூவில்' நமக்குக் கிடைத்தது. பாலு மகேந்திராவை ஒளிப்பதிவுக்குக் கொண்டுவந்ததிலும் கமலுக்குப் பங்கு உண்டு. தான் நடிக்காத ஒரு படத்துக்கு ஒரு நடிகர் இவ்வளவு மெனக்கெட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். காளிக்கு ஒரு கை போய்விட்டது. வள்ளியை வேறு ஒருவனுக்குக் கட்டிவைக்க அவன் முடிவு செய்திருக்க, ஊரார் அவளை இன்ஜினீயரிடம் அழைத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் காளி வந்து நிற்கிறான். வள்ளி திரும்பி அண்ணனிடம் வந்துவிடுகிறாள். அவ்வளவு பேரை விட்டுவிட்டுத் தன்னிடம் வந்துவிட்டாளே என்கிற அந்த ஒரு விஷயத்தில் காளி நிறைந்துபோய், தானே அவளைக் கூட்டிக்கொண்டு போய் இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். இந்த இடத்தில் அந்தக் காலத்து எந்தப் படமாக இருந்தாலும் இரண்டு ஆண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு 'என்னை மன்னிச்சிடுங்க' என்று கண்ணீர் விட்டிருப்பார்கள், ஜனங்களும் திருப்தியாக எழுந்து போயிருப்பார்கள். காளி என்ன சொல்கிறான்? இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான்! தங்கைக்குப் பிடித்திருக்கிறது, அதனால் கட்டிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். அவனுடைய திமிர் கடைசி ஃப்ரேம் வரை அப்படியே இருக்கிறது, அவனுடைய அன்பும் அப்படியே இருக்கிறது, ஒன்றுக்காக இன்னொன்றை மகேந்திரன் விட்டுக்கொடுக்கவில்லை. பாத்திரத்தைத் திருத்தி நல்லவனாக்கிக் கைதட்டல் வாங்குவது எவ்வளவு சுலபம்! பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இரண்டு மூன்று வரியோடு நிறுத்திக்கொண்டார் பாருங்கள், எனக்கு அவர் மீது மரியாதை வந்தது அங்கேதான்.

அப்புறம் ரஜினி. கே.பாலசந்தர் ஒருமுறை ரஜினியிடம் உனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று கேட்டபோது, அறிமுகப்படுத்திய குருவே எதிரில் உட்கார்ந்திருக்க, ரஜினி சொன்ன பெயர் மகேந்திரன். இதை ரஜினியே மேடையில் சொல்லியிருக்கிறார். ஒரு நடிகரின் வேகத்தையும் ஸ்டைலையும் எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வேகத்துக்குக் கீழே ஒரு காயம் இருப்பதைக் கண்டுபிடித்து அதை நடிக்கவைத்தவர் அவர்.

சரி, 'உதிரிப்பூக்க'ளுக்கு வருகிறேன். 1979. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளம்பிய கதை. மூலத்துக்கும் படத்துக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது, இருந்தாலும் மகேந்திரன் புதுமைப்பித்தன் பெயரைப் போட்டே எடுத்தார். இந்த நேர்மையும் ஒரு இயக்குநரின் அளவைச் சொல்கிற விஷயம் என்று நான் நினைக்கிறேன். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஊர்ப் பெரிய மனிதர், படித்தவர், வெள்ளை வேட்டி சட்டையில் பார்க்க லட்சணமானவர். அவர் செய்யும் கொடுமைகளை மற்றப் படங்களின் வில்லன்களோடு ஒப்பிட்டால், வெட்டு குத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. நோயாளி மனைவியை (அஸ்வினி) வீட்டில் வைத்துக்கொண்டு, மாமனாரிடம் போய் உன் இளைய மகளையும் எனக்குக் கட்டிக்கொடு என்று கேட்கிறார், காய்கறி விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்கிறார். குரல் உயராது, கண் உருளாது, பின்னணியில் டமால் என்று இசை அடிக்காது. எதிரில் நிற்கிற மாமனார் சாருஹாசன். பரமக்குடியில் வக்கீலாக இருந்தவர், அதுதான் அவருக்கு முதல் படம். அந்த மனிதரின் முகத்தில் வருகிற அவமானத்தைப் பார்த்தபிறகு நமக்குத் தனியாக வசனம் எதற்கு?

கிளைமாக்ஸ் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊரே ஆற்றங்கரையில் திரண்டு, நீயே செத்துப்போ என்று அந்த மனிதனைத் தண்ணீரை நோக்கித் தள்ளுகிறது. இத்தனை நாள் இந்த ஊரில் நான் ஒருவன்தான் கெட்டவன், இன்றைக்கு உங்கள் எல்லோரையும் என்னைப்போல மாற்றிவிட்டேன், நான் செய்த தப்பிலேயே பெரிய தப்பு இதுதான் என்ற பொருளில் சொல்லிவிட்டு இறங்குகிறார். படம் முழுக்க அந்த ஆள் எப்போது சாவான் என்று காத்திருந்த பார்வையாளர்கள், ஆசைப்பட்டது கண் முன்னால் நடக்கிற நேரத்தில் சந்தோஷப்பட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பழிவாங்கும் கிளைமாக்ஸ் என்றால் ஜனங்களுக்கு ஒரு திருப்தியைக் கொடுக்க வேண்டும் என்பது சினிமாவின் எழுதப்படாத சட்டம். மகேந்திரன் அந்தத் திருப்தியை ஊராருக்கும் கொடுக்கவில்லை, நமக்கும் கொடுக்கவில்லை. மிஞ்சுவது தாயும் தகப்பனும் இல்லாத இரண்டு பிள்ளைகள். படத்தின் பெயர் யாரைப் பற்றியது என்று அப்போதுதான் உறைக்கும். இவ்வளவு கசப்பான முடிவோடு வந்த படம் வெள்ளிவிழா கொண்டாடியது. ஜனங்களுக்குப் புரியாது, ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த ஒரு தகவலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

'ஜானி'யை விட்டுவிட்டுப் போனால் என் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ரஜினிக்கு இரட்டை வேடம், ஒருவன் திருடன், ஒருவன் முடிதிருத்துபவர், கேட்டால் பக்கா மசாலா. ஆனால் பாடகி அர்ச்சனா (ஸ்ரீதேவி) ஜானியிடம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிற அந்தக் காட்சி! ஸ்ரீதேவி தயங்கித் தயங்கிக் கேட்கிறார், அவன் மறுக்கிறான், மேடையில் பாடுகிறவள்தானே என்று தன்னைக் குறைத்து நினைத்துவிட்டான் என அவளுக்குத் தோன்றிவிடுகிறது, அந்த வலியில் மளமளவென்று பேசிவிடுகிறாள். அவன் பதறிப்போய், என்ன இப்படிப் படபடவென்று பேசிவிட்டீர்கள் என்று கேட்கிறான். காதலைச் சொல்கிற காட்சியில் பெண் முதலில் பேசுகிறாள், ஆண் கூச்சப்படுகிறான், அந்த ஆண் ரஜினிகாந்த், வருஷம் 1980. அந்தக் காட்சியில் கவிதை மாதிரி ஒரு வரிகூட இல்லை, இரண்டு பேரும் நிஜமான மனிதர்கள் தடுமாறுகிற மாதிரியே தடுமாறுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதைத் துண்டு துண்டாக வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார்களே, சும்மாவா?

அதே 1980-ல்தான் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'. சுஹாசினி அப்போது அசோக்குமாரிடம் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்த பெண், கேமராவுக்குப் பின்னால் நிற்க ஆசைப்பட்டவரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். விடியற்காலையில் இருவர் ஓடுகிறார்கள், ஓடுகிற காலடிச் சத்தமே பாட்டுக்குத் தாளமாகிறது, டூயட்டைப் பற்றிக் கல்லூரி மேடையில் கேட்ட கேள்விக்கு அவரே எடுத்துக் காட்டிய பதில் மாதிரி இருக்கும் 'பருவமே'. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, சிறந்த தமிழ்ப் படம் என்று மூன்று தேசிய விருதுகள் அந்தப் படத்துக்கு வந்தன.

இங்கே இன்னொன்றைச் சொல்லவேண்டும். மகேந்திரன் வசனத்தை எடுத்த இடங்கள் காலியாகக் கிடக்கவில்லை. அங்கே இளையராஜா வந்து உட்கார்ந்தார், பாலு மகேந்திராவும் அசோக்குமாரும் பிடித்த வெளிச்சம் வந்தது, ஷோபாவின் கண்கள் வந்தன, அஸ்வினியின் களைத்த முகம் வந்தது. தன் பேனாவே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் இவர்களுக்கெல்லாம் அந்தப் படங்களில் வேலையே இருந்திருக்காது. ஒரு எழுத்தாளர் இயக்குநராகும்போது விட்டுக்கொடுக்க மிகவும் கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான், இப்போது வருகிற படங்களிலும் அதைப் பார்க்கிறோம், காட்சியில் தெரிந்துவிட்டதையே வாய்ஸ் ஓவரில் இன்னொரு தடவை சொல்லி நம்மைச் சோதிக்கிறார்கள்.

1980-க்குப் பிறகு அவர் எடுத்தவை எனக்கு அந்த அளவுக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நண்டு', 'மெட்டி' இரண்டிலும் அருமையான இடங்கள் உண்டு, முழுப் படமாக நிற்கவில்லை. 'கை கொடுக்கும் கை'யில் ரஜினியும் ரேவதியும் இருந்தும் பழைய பிடிப்பு இல்லை. 1992-ல் 'ஊர்ப் பஞ்சாயத்து'. அப்புறம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக எடுத்த 'சாசனம்' நீண்ட நாள் கிடப்பில் கிடந்து 2006-ல்தான் வெளியானது. பிறகு நடிகராக வந்தார், 'தெறி'யில் வில்லனாக அவரைப் பார்த்துக் கைதட்டிய பையன்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரிந்திருக்கும் என்று அப்போதே நினைத்தேன். 2019 ஏப்ரல் 2-ல் போய்ச் சேர்ந்தார். சுமாரான படங்கள் இருப்பதால் அவர் இடம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. சராசரி போட்டுப் பார்க்கிற விஷயமா இது? 'உதிரிப்பூக்கள்' மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாலும் எனக்கு அவர் ஜாம்பவான்தான்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 'ஜானி'யில் ஆரம்பிக்காதீர்கள், பாட்டுகள் இழுத்துக்கொண்டு போய்விடும், மற்றது கண்ணில் படாது. முதலில் 'முள்ளும் மலரும்', ஒரு வாரம் கழித்து 'உதிரிப்பூக்கள்'. யூடியூபில் கிடைக்கிற பிரதிகள் பலவும் மங்கலானவை, நடுவில் விளம்பரம் வேறு வந்து கழுத்தறுக்கும், அதனால் நல்ல பிரதியாகத் தேடிப் பிடித்து ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், யாரும் பேசாத இடங்களில் இளையராஜா என்ன செய்கிறார் என்று கேட்க அது அவசியம். பார்த்துவிட்டு 'தங்கப்பதக்க'த்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.