முள் குத்தியது குதிகாலில், நெறி கட்டியது தொடையிடுக்கில்

நம் பள்ளி மைதானத்தில் வெறுங்காலோடு கபடி ஆடியவர்களுக்குச் சீமைக்கருவேல முள்ளை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பையன்களுக்குக் கெளுத்தி முள்ளும் சேர்த்தி. குத்திய இரண்டு மூன்று நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டும். "விஷம் ஏறுது" என்பார்கள். விலங்கியல் நோட்டில் வெள்ளையணு வரைந்து பாகம் குறித்தோமே தவிர, இந்த நெறி அதில் வரவேயில்லை.

ஏறுவது டென்ட்ரிட்டிக் செல்கள். தோலுக்குள் கிளை விரித்து உட்கார்ந்திருப்பவை. 1868-இல் இவற்றைத் தோலில் முதலில் பார்த்த பால் லாங்கர்ஹான்ஸ், நரம்பு செல் என்றே நினைத்தார். 1973-இல் சுண்டெலியின் மண்ணீரலில் இந்த வகையைக் கண்டு பெயரிட்ட ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் அறிவித்தார்கள். அவர் இறந்து மூன்று நாளாகியிருந்தது.

முள்ளோடு வந்த கிருமியை இவை விழுங்கி, புரதத்தைத் துண்டுகளாக நறுக்கும். பிறகு நிணநீர் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு, அதாவது நெறி கட்டும் இடத்துக்குப் போய், எம்.எச்.சி. என்ற புரதத்தின் மேல் வைத்து, கிருமியை அடையாளம் காணும் வெள்ளையணுக்களான டி செல்களுக்குக் காட்டும். பொருந்தும் டி செல் லட்சத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். அதைத் தேடும் நேரத்தில், வருகிற செல்களைக் கணு சிறிது காலம் வெளியே விடாது. அகப்பட்டதும் அது பெருகும். வீக்கம் இதனால்தான். காலில் சிவப்புக் கோடு ஏறி, காய்ச்சலும் கண்டால் கிருமியே ஏறிவிட்டது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

துண்டைக் காட்டினால் மட்டும் போதாது. சி.டி.80, சி.டி.86 என்ற புரதங்களும் டென்ட்ரிட்டிக் செல்லின் மேல் கூடவேண்டும். கிருமியின் அடையாளம் பட்டால்தான் அவை கூடும். நம் சொந்தப் புரதத்தை மட்டும் சுமந்து வந்தால், பார்த்த டி செல் முடங்கிப்போகும். பாடநூல்கள் ஒரு வரியில் தாண்டிப்போகும் இந்த இரண்டாவது சைகைதான் என் கணக்கில் முக்கியம். உடம்பு தன்னையே தாக்காமலிருக்க இதுவும் ஒரு காவல்.

நாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போடுவதும் இச்செல்கள் அங்கே நெருக்கமாக இருப்பதால்தான். தசையில் ஒரு குப்பி முழுவதும் வேண்டும். தோலில் இரு கைக்கும் 0.1 மி.லி. வீதம் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் போட்டால் போதும். ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சிறு தடிப்பு எழவேண்டும். எழாவிட்டால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது, சற்றுத் தள்ளி மறுபடி போடவேண்டும். எதிர்ப்புப் புரதம் ஊற ஒரு வாரத்துக்கு மேலாகும். ஆகவே காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவவேண்டும், ரத்தம் வந்த கடி என்றால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தையும் போட்டாகவேண்டும்.