சளி டப்பா

மார்ச் 3
மறுபடியும் சளிக்குப் பதில் எச்சில். தண்ணீராக, நுரை மிதக்கிறது. இதை லேபுக்கு அனுப்பினால் 'காசநோய்க் கிருமி இல்லை' என்றுதான் வரும். நோயாளியும் நிம்மதியாகி, வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார். டப்பாவைக் கொடுத்து 'சளி எடுத்து வாங்க' என்றால் போதாது. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து, சற்றே பிடித்து விட வேண்டும். மூன்றாவது மூச்சில் நெஞ்சின் அடியிலிருந்து இருமல் வர வேண்டும். திறந்தவெளியில், பக்கத்தில் ஆள் இல்லாமல். கெட்டியாக 2 முதல் 5 மில்லி. ஒன்று அப்போதே, இன்னொன்று மறுநாள் எழுந்தவுடன்.

மார்ச் 4
பெயரை மூடியில் எழுதவே கூடாது. டப்பாவின் பக்கவாட்டில்தான்.

மார்ச் 7
கரண்ட் போய்விட்டது. சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியில் பாதி ஓடிய கார்ட்ரிட்ஜ் (சளியை ஊற்றும் குப்பி) வீண். மிச்சச் சளி இருந்ததால் மறுபடி போட முடிந்தது. சளி ஒரு பங்கு, அதைக் கரைக்கும் ரீஏஜென்ட் இரண்டு பங்கு. நன்றாகக் குலுக்கி 10 நிமிடம், திரும்பக் குலுக்கி 5 நிமிடம். கட்டி கரையாமல் ஊற்றினால் 'எரர்' வரும். எரரை நெகடிவ் என்று எழுதி அனுப்பும் வழக்கத்தை நினைத்தாலே கோபம் வருகிறது.

மார்ச் 12
ஒருவருக்கு நோய் உறுதியானால் அந்த வீட்டில் எல்லோரையும் பார்க்க வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதலில். நோய் இல்லை என்று தெரிந்தபின் தடுப்பு மருந்து, தினமும் ஐசோனியசிட் 6 மாதம். நோயாளியைத் தனி அறையில் பூட்டுவதில்தான் வீட்டார் அக்கறை போகிறது. சென்னையில் 1950களில் ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள்: வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) சேர்ந்தவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்று பெரும்பாலும் கண்டுபிடிப்பதற்கு முன்பே பரவிவிடுகிறது. அந்த எச்சில் டப்பாவால் கைநழுவும் வாரங்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மார்ச் 20
சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினால்தான். முதல் நாளே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

ஏப்ரல் 28
இரண்டாவது மாதம்தான் ஆபத்து. இருமல் நின்றுவிட்டது, எடை ஏறுகிறது, 'இனி எதற்கு மாத்திரை' என்கிறார்கள். வேகமாகப் பெருகும் கிருமிதான் முதலில் சாகிறது. மந்தமாகக் கிடப்பவை சாக 6 மாதமும் வேண்டும். நிறுத்தக் காரணம் கேட்டால் பாதி நேரம் வாந்தி, மூட்டுவலி, பாத எரிச்சல். எரிச்சலுக்குப் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) கொடுத்தால் ஆள் மருந்தை விடமாட்டார். கண் மஞ்சளானாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே டாக்டரிடம்.

மே 2
இரண்டாம் மாத முடிவில் சளியை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். ஜீன்எக்ஸ்பர்ட் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் காட்டும்.

மே 9
கார்ட்ரிட்ஜ் இருப்பு குறைகிறது. எச்ஐவி உள்ளவர்கள், முன்பு மருந்து எடுத்தவர்கள், குழந்தைகள் முதலில். மற்றவர்களுக்கு மைக்ராஸ்கோப், ஒரு மில்லியில் 5,000 கிருமியாவது இருந்தால்தான் அதில் தெரியும், ஸ்லைடில் 100 ஃபீல்டு (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) பார்க்காமல் நெகடிவ் எழுதக் கூடாது. சின்னக் குழந்தைகள் சளியை விழுங்கிவிடும். அவர்களுக்கு மலத்திலேயே ஜீன்எக்ஸ்பர்ட் பார்க்கலாம். நாளைக்கு லேபில் இதைக் கேட்க வேண்டும்.