ஏழு நாளில் என்ன வாங்கினீர்கள்?

2023 அக்டோபரில் ஒரு பிற்பகல், தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில், கையில் டேப்லெட்டோடு ஒரு மராட்டிய இளைஞர் வந்து நின்றார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்தும் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வுக்கு எங்கள் வீடு தேர்வாகியிருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். என் அம்மா திருநெல்வேலியிலிருந்து மும்பைக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக்காரரிடம் இந்தியில் பேரம் பேசுவார், ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் தமிழில்தான் எண்ணுவார். ஆகவே இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்து கேள்வியை இந்தப் பக்கமும் பதிலை அந்தப் பக்கமும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாவ்ஷி, கடந்த ஏழு நாளில் சமையல் எண்ணெய் எவ்வளவு செலவானது?" என்பது அவருடைய கேள்விகளில் ஒன்று.

"ஏழு நாளுன்னு எப்படிப் பிரிச்சுச் சொல்ல தம்பி? தீரத் தீர அண்ணாச்சி கடையில வாங்குவேன். போன செவ்வாக்கிழமை ஒரு பாக்கெட் உடைச்சேன், இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றார் அம்மா. அந்த இளைஞர் அலுத்துக்கொள்ளவில்லை. பாக்கெட்டை எடுத்துவரச் சொல்லி, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தூக்கிப் பார்த்து, அதன் பிறகே எண்ணைப் பதிந்தார். நாட்டின் நுகர்வுப் புள்ளிவிவரம் எங்கள் அடுக்களை மேடையில் இருந்த கால் பாக்கெட் எண்ணெயிலிருந்து பிறப்பதைப் பார்த்த அன்றிலிருந்து அந்த எண்களின் மேல் எனக்கு வந்த மரியாதை குறையவே இல்லை.

எதை எத்தனை நாள் நினைவிலிருந்து கேட்பது என்பது இந்தியப் புள்ளியியலில் மிகப் பழைய வழக்கு. 1950இல் புள்ளியியலாளர் பி. சி. மகலனோபிஸின் முன்முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிய காலத்திலேயே, ஒரு வாரத்து நினைவுக்கும் ஒரு மாதத்து நினைவுக்கும் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வாரக் கணக்கைக் கேட்டு மாதத்துக்குப் பெருக்கினால் செலவு கூடுதலாகவும், முப்பது நாள் கணக்கை ஒரே மூச்சில் கேட்டால் குறைவாகவும் வருவது தெரிந்தது. 1999-2000 ஆய்வில் உணவுப் பொருள்களுக்கு ஏழு நாள், முப்பது நாள் என இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குடும்பத்திடம் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் மற்றதை அதற்கு ஒத்துப்போகும்படி சொல்லிவிடுவார் அல்லவா? அதனால் இரண்டும் கலங்கிப்போய், நாட்டில் வறுமை உண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற விவாதம் பல ஆண்டுகளுக்கு நீண்டது. கேள்வித்தாளில் இரண்டு பத்திகளை அருகருகே அச்சிட்டதற்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

இப்போதைய முறையில் எண்ணெய், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, பொட்டலத் தின்பண்டங்கள் முதலியவற்றுக்கு ஏழு நாள். அரிசி, பருப்பு, வாடகை, பயணம் போன்றவற்றுக்கு முப்பது நாள். துணிமணி, படிப்புச் செலவு, வீட்டுச் சாமான்களுக்கு ஒரு வருடம் என்று பிரித்துக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கேட்டால் பதில் சொல்பவர் களைத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார் என்பதற்காக, உணவு, நுகர்பொருளும் சேவையும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என மூன்று வினாத்தாள்களாக்கி, மூன்று மாதங்களில் மூன்று முறை வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது உணவு. ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும் அரிசியையும் கோதுமையையும் அந்த இளைஞர் தனியாகக் குறித்துக்கொண்டார். அவற்றுக்கு ஒரு விலை போட்டுச் சேர்த்தும், சேர்க்காமலும் இரண்டு விதமாக முடிவுகள் வெளியாகும் என்று விளக்கினார்.

அப்படியே வெளியாயின. 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை 2,61,953 குடும்பங்களிடம் கேட்டுத் தொகுத்ததில், ஆள் ஒன்றுக்கு மாதச் சராசரிச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். இலவசப் பொருள்களின் மதிப்பையும் கூட்டினால் 4,247, 7,078. 2011-12இல் இவை 1,430, 2,630 ஆக இருந்தன. இடையில் 2017-18இல் நடந்த ஆய்வின் முடிவுகளைத் தரம் போதவில்லை என்று சொல்லி அரசு வெளியிடவில்லை என்பதால், பணமதிப்பிழப்பும் ஜிஎஸ்டியும் வந்த அந்த ஆண்டுகளில் குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பதற்கு நம்மிடம் அதிகாரபூர்வமான படம் இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆய்வில் குறை இருந்தால் குறையோடு வெளியிட்டு, குறையை விளக்கியிருக்க வேண்டும். 2022-23இல் அடுத்த ஆய்வு நடக்கும் வரையான பதினோரு ஆண்டு இடைவெளியால், விலைவாசிக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் சேர்த்து 45.86 விழுக்காடு என்ற 2011-12இன் எடையே, அதாவது குடும்பச் செலவில் அவற்றுக்குத் தரும் பங்கே, பல ஆண்டுகள் நீடித்தது. குடும்பங்களோ அதற்குள் செலவழிக்கும் விதத்தையே மாற்றிக்கொண்டுவிட்டன. 1999-2000இல் நகரச் செலவில் 48 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு 2023-24இல் 39.68 ஆக இறங்கியிருக்கிறது. அந்த உணவுக்குள்ளும் நகரத்தில் பெரிய பங்கு பானங்களுக்கும் பதப்படுத்திய தின்பண்டங்களுக்கும்தான்: மொத்தச் செலவில் 11.09 விழுக்காடு.

சராசரிகளை எங்கள் சந்தில் வைத்துப் பார்க்கும்போது சில எண்கள் உறுத்துகின்றன. அகில இந்திய நகரச் செலவில் வாடகையின் பங்கு 6.58 விழுக்காடு. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வாடகைச் செலவு இல்லை. அவர்களையும் சேர்த்த சராசரி இது. பத்துக்குப் பத்து அறைக்கு வாடகை கொடுக்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மாதக் கணக்கில் அந்த 6.58க்கு எந்தப் பொருளும் கிடையாது. மகாராஷ்டிர நகரச் சராசரி 7,363, தமிழ்நாட்டு நகரச் சராசரி 8,165 என்ற ஒப்பீட்டைக் காட்டியபோது அம்மா நம்பவே இல்லை. "ஊர்ல செலவு கம்மின்னுதானே பொங்கலுக்குப் போனா பத்து நாள் கூட இருந்துட்டு வாரோம்" என்றார். விலை குறைவாக இருப்பதும் செலவு குறைவாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும், மகாராஷ்டிரச் சராசரியில் மும்பையோடு எத்தனையோ சிறு நகரங்களும் அடங்கும் என்பதையும் சொன்னேன். அரைமனதாகத்தான் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் இத்தனைக்கும் மேலே அம்மா அன்று கேட்ட ஒரு கேள்விதான் என் மனதில் தங்கிவிட்டது. உணவுப் பட்டியல் முடிந்து இளைஞர் டேப்லெட்டை மூடியபோது, "அண்ணாச்சி கடைப் பாக்கியைப் பத்திக் கேக்கவே இல்லையே தம்பி?" என்றார். அதற்கு இந்த வினாத்தாளில் இடமில்லை. அரிசி கடனுக்கு வாங்கியதா, கைக்காசுக்கு வாங்கியதா என்பது நுகர்வுக் கணக்கில் பொருட்டல்ல. உண்டால் அது நுகர்வு. வறுமையை அளக்க இந்த வரையறை சரியானதுதான், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சம்பளம் தள்ளிப்போன ஒரு மாதத்திலும் நாங்கள் அதே அரிசியை, அதே பருப்பை உண்டிருக்கிறோம். ஆய்வின் கண்ணுக்கு அந்த மாதமும் மற்ற மாதங்களைப் போலத்தான் தெரியும். வேறுபாடு தெரிவது கடையில் தொங்கும் நீள நோட்டில் மட்டுமே. குடும்பங்களின் கடனுக்கென்று தனியாகத் தேசிய ஆய்வு உண்டு; ஆனால் அது 2003, 2013, 2019 என்று நீண்ட இடைவெளிகளில் நடந்திருக்கிறது. மாதம் பிறந்தால் தீர்ந்து மறுநாளே தொடங்கும் மளிகைப் பாக்கியை அப்படிப்பட்ட ஆய்வால் பின்தொடர முடியாது.

கடையின் பக்கத்திலிருந்து எண்ணினால் என்ன? அமெரிக்கா, பிரிட்டன், சீனா, ஜப்பான் ஆகிய நாடுகளில் சில்லறை விற்பனை எவ்வளவு என்று மாதந்தோறும் அரசே அறிவிக்கிறது. நம்மிடம் அப்படியொரு மாதாந்திர எண் இல்லை. உள்நாட்டு உற்பத்தியில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்கு இருக்கும் தனியார் நுகர்வைக்கூட, உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் தொழிற்சாலைகள் பயன்படுத்தியதையும் கழித்து, மிஞ்சியதைக் குடும்பங்கள் வாங்கியதாகக் கொள்ளும் முறையில்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். மாத நிலவரம் வேண்டுவோர் ஜிஎஸ்டி வசூலையும், வாகனப் பதிவையும், யுபிஐ பரிவர்த்தனையையும், ரிசர்வ் வங்கி பெருநகரங்களில் நடத்தும் நுகர்வோர் நம்பிக்கை ஆய்வையும் சேர்த்துப் பார்த்து ஊகிக்கிறார்கள். யுபிஐ கூடுவது விற்பனை கூடியதாலா, சில்லறைக் காசுக்குப் பதில் கைபேசி வந்ததாலா என்று பிரிப்பது எளிதல்ல. அண்ணாச்சி கடைக் கல்லாவில் சில ஆண்டுகளுக்கு முன் நாணயங்கள் நிரம்பியிருந்த குழிகளில் இப்போது ரப்பர் வளையங்களும் பேனா மூடிகளும் கிடக்கின்றன. விற்கும் சரக்கு என்னவோ ஏறக்குறைய அதேதான் என்கிறார் அவர்.

சிறு கடைகளை எண்ணும் முயற்சி இல்லாமல் இல்லை. 2015-16இல் நடந்த ஆய்வில் விவசாயம், கட்டுமானம் தவிர்த்த பதிவுபெறாச் சிறு தொழில்கள் 6.34 கோடி, அவற்றில் உழைப்போர் 11.13 கோடி. அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் எண்ணவே இல்லை. மீண்டும் எண்ணியபோது 2022-23இல் தொழில்கள் 6.50 கோடியாகக் கூடியிருந்தும் உழைப்போர் 10.96 கோடியாகக் குறைந்திருந்தார்கள். ஏழு ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை கூடியிருக்க, இந்தக் கடைகளும் பட்டறைகளும் தாங்கிய ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றால், அந்த இடைவெளியில் எத்தனை கடைப் பையன்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்! 2023-24இல் 7.34 கோடி, 12.06 கோடி என்று இரண்டும் ஏறியது எனக்கு உண்மையான ஆறுதல். இப்போது இந்த ஆய்வு ஆண்டுதோறும் நடக்கிறது, காலாண்டு அறிக்கையும் வருகிறது. பெரிய கடைகளின் வளர்ச்சியை வைத்துச் சிறிய கடைகளின் வளர்ச்சியை ஊகிக்கும் பழக்கத்துக்கு இதுவே மாற்று.

இதோடு இன்னும் ஒன்றைச் செய்யலாம் என்று நினைக்கிறேன். நாடெங்கும் சில ஆயிரம் மளிகைக் கடைகளை நிலையாகத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை மூன்றே எண்களைக் கேட்கலாம்: எவ்வளவுக்கு விற்றீர்கள், அதில் கடனுக்குப் போனது எவ்வளவு, பழைய பாக்கியில் திரும்பியது எவ்வளவு. பெயர் வேண்டாம், வரி எண் வேண்டாம். வரி அலுவலகத்துக்கு இந்தத் தகவல் போகாது என்ற உறுதி மட்டும் கடைக்காரருக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த அண்ணாச்சியும் நோட்டைத் திறக்க மாட்டார்.

எனக்காகத் திறந்து காட்டினார். வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே பெயருக்குப் பதில் "மூணாம் சந்து மாடி", "தையல் மிஷின்", "டீச்சர்" என்று அடையாளம். எங்கள் பக்கத்தில் அம்மா பாக்கெட் உடைத்த அந்தச் செவ்வாய்க்கிழமையும் இருந்தது: எண்ணெய் 1, துவரம்பருப்பு அரை, சோப்பு 2. முன்பெல்லாம் மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் பக்கத்தின் குறுக்கே ஒரே கோடாகக் கிழித்துவிடுவாராம். இப்போது பல பக்கங்களில் பத்தாம் தேதியில் பாதிக் கோடும், இருபத்தைந்தாம் தேதியில் மீதிக் கோடும் இருக்கின்றன. எப்போதிருந்து இப்படி என்று கேட்டேன். பழைய நோட்டுகள் பரணில் இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு வந்தால் எடுத்துத் தருவதாகவும் சொன்னார்.