கறுப்பு சிட்டி பாலிஷ், மூன்றாவது ஞாயிறு: மங்கல் போய்விட்டது

இன்று காலை ஏழே முக்கால் மணிக்குக் காரின் இடது முன்கதவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சப் புள்ளியைச் சுற்றி மங்கல் ஒன்றுமே இல்லை. கறுப்பு, அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். இரண்டு வாரமாக இதே கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அது எப்பேர்ப்பட்ட காட்சி என்று கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய் அம்மாவைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். "கண்ணாடியாட்டம் இருக்குது, சரி, வந்து காப்பியைக் குடி, ஆறிப்போகுது" என்றார்கள். எனக்கு அது போதும்.

வண்டி 2012 ஹோண்டா சிட்டி. கை மாறி என்னிடம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. முன்பு வைத்திருந்தவர்கள் தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டியிருக்க வேண்டும். வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். அதோடு எங்கள் போர் தண்ணீர். கோவையில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரே வீட்டில் இரண்டு குழாய் இருக்கும். ஒன்றில் சிறுவாணி, இன்னொன்றில் சோப்பு போட்டால் நுரையே வராத உப்புத் தண்ணீர். சிறுவாணியில் வண்டி கழுவ எனக்கு மனசு வராது. அது குடிக்க வருகிற தண்ணீர், அதுவும் நாள் விட்டு நாள்தான் வருகிறது.

கழுவியது, பெயின்டில் ஒட்டிய இரும்புத்துகளைக் கரைக்கும் திரவம் அடித்தது, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி (கிளே பார்) தேய்த்தது எல்லாம் முதல் ஞாயிறே முடிந்தது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு என்பதால் இரும்புத்துகள் அதிகம், அது கரைந்து டிக்கி மூடி ஊதா நிறமாக வடிந்தது. அதைத் தவிர அந்தக் கட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நண்பர் ஒருவரிடம் பெயின்டின் தடிமனை அளக்கும் கேஜ் இரவல் வாங்கி அளந்தேன். பானட் 104, முன்கதவுகள் 110 பக்கம், இடது பின்கதவு மட்டும் 260 மைக்ரான். அந்தக் கதவு ஒருமுறை டிங்கரிங் பார்த்து மறுபடி பெயின்ட் அடித்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற இடங்களில் கம்பெனி பெயின்ட். அந்த நூற்றுச் சொச்சத்தில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அதாவது கிளியர் கோட், 40, 50 மைக்ரான்தான் இருக்கும். அதிலிருந்துதான் நாம் சுரண்டி எடுக்கிறோம். அந்த எண்ணம் கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். பானட்டில் உப்புத் தண்ணீர் காய்ந்து பள்ளம் விழுந்த வளையங்கள் ஆறேழு உண்டு. வினிகரில் மேலே இருந்த வெள்ளைப் படிவு கரைந்தது, வளையம் போகவில்லை. ஆழமான இரண்டை அப்படியே விட்டுவிட்டேன். அவற்றைத் துரத்திக்கொண்டு போய் கிளியர் கோட்டைத் தீர்ப்பது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் முடிவு.

மெஷின் டிஏ, அதாவது பேடு சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற வகை. ஆட்டத்தின் அகலம் (த்ரோ) 15 மி.மீ., பேடு ஒட்டும் தட்டு (பேக்கிங் பிளேட்) 5 அங்குலம். 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வளைவான இடத்தில் அழுத்தம் ஏறினால் பேடு சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே ஆடும், சத்தத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. கோடு தெளிவாகத் தெரிந்தால் சுற்றவில்லை என்று அர்த்தம். கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஓடும் அந்த மடிப்பில் இந்தக் கோடு என்னை நிறையக் காப்பாற்றியது.

மைக்ரோஃபைபர் பேடில் காம்பவுண்ட் என்ற கரகரப்பான பாலிஷைப் போட்டு வெட்டியதில், அதாவது மேற்பரப்பைத் தேய்த்து எடுத்ததில், சிலந்தி வலை முதல் சுற்றிலேயே எண்பது சதவீதம் போய்விட்டது. ஹோண்டா கறுப்பு மென்மையான பெயின்ட், சீக்கிரம் வெட்டுப்படும். அதே மென்மைதான் அப்புறம் கழுத்தைப் பிடிக்கிறது. வெட்டி முடித்ததும் ஒரு சாம்பல் மங்கல் நிற்கும், அது எதிர்பார்த்ததுதான். ஃபினிஷிங் பேடில் மெகுயர்ஸ் எம்205 என்ற நுண்ணிய பாலிஷைப் போட்டு இரண்டு சுற்று ஓட்டினால் போக வேண்டும். போகவில்லை. நிழலில் பார்த்தால் அருமையாக இருக்கும், டார்ச் அடித்தால் வெளிச்சத்தைச் சுற்றி மெல்லிய புகை மாதிரி ஒன்று.

முதல் ஞாயிறு மதியம்வரை இதே வேலை. பேடு மாற்றினேன், ஆரஞ்சிலிருந்து கறுப்பு, கறுப்பிலிருந்து இன்னும் மிருதுவான சிவப்பு. வேகத்தை 5இலிருந்து 3க்குக் குறைத்தேன். பாலிஷின் அளவைக் குறைத்தேன், கூட்டினேன். எம்205இல் உள்ள துகள்கள் தேயத் தேய உடைந்து சிறிதாகிற வகை இல்லை, கடைசிவரை அதே அளவில் இருந்து வேலை செய்பவை. அதனால் நீண்ட நேரம் ஓட்டினால் தானாக மிருதுவாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. பேடும் அழுத்தமும் எப்படியோ அப்படித்தான் முடிவும் வரும். சரி, அழுத்தமே இல்லாமல் மெஷினின் எடையில் மட்டும் ஓட்டினேன். அப்போதும் அதே புகை. பத்து மணிக்கு மேல் தகடு சூடேறிவிட்டது, ஏப்ரல் வெயில், போர்டிகோவில் இருந்தாலும் பாலிஷ் நிமிஷத்தில் காய்ந்து ஒட்ட ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தேன். தகடு குளிர்ந்திருந்தது, பேடுகள் புதிது, ஒவ்வொரு இரண்டடிச் சதுரத்துக்கும் பேடைப் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்தேன். முடிவில் எந்த மாற்றமும் இல்லை. அன்றைக்கு உண்மையாகவே சோர்ந்துபோனேன். டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். முப்பது வருடமாக, ஆடாமல் சுற்ற மட்டும் செய்கிற ரோட்டரி மெஷினில் பஃப் அடிக்கிறவர், டிஏ மெஷினைத் தொட்டதே இல்லை.

"அண்ணா, எத்தனை தடவை ஓட்டினாலும் மங்கல் போக மாட்டேங்குதுங்க."

"கறுப்பு வண்டிங்களா தம்பி? சரி, லைட் அடிச்சுக் கிட்டக்க பாருங்க. அந்தக் கோடு சுழிச்சுச் சுழிச்சு இருக்குதுங்களா, நேரா ஓடுதுங்களா?"

பார்த்தேன். செல்போன் கேமராவில் பெரிதாக்கியும் பார்த்தேன். நேராக ஓடியது. சரியாகச் சொன்னால் லேசாக வளைந்து, மேலிருந்து கீழாக, என் வலது கை துணியை இழுக்கும் அதே பாதையில்.

"அப்ப அது மெஷின் இல்லீங்க, துணி" என்றார் அண்ணன்.

டிஏ மெஷின் விடும் தடம் எப்போதும் சுழியாகத்தான் இருக்கும். நேர்க்கோடு வருகிறது என்றால் துடைக்கும்போது விழுகிறது. இரண்டு ஞாயிறாக நான் பாலிஷ் செய்து கண்ணாடி ஆக்கியதை, மிச்சத்தைத் துடைக்கிறேன் என்று நானே மறுபடி கீறியிருக்கிறேன். நல்ல துணிகள்தான், சதுர மீட்டருக்கு 500 கிராம் (ஜிஎஸ்எம்) எடையுள்ள தடித்த துணி, ஓரம் தைக்காதவை, லேபிள் இருந்த இரண்டில் லேபிளை வெட்டி எறிந்திருந்தேன். வாங்கிய புதிதில் பூனைக்குட்டி மாதிரி இருந்தவை. அப்படியிருக்க எப்படி?

பழைய சிடி ஒன்றை எடுத்தேன். பளபளப்பான பக்கத்தில் புதுத் துணியால் பத்து முறை தேய்த்தேன், ஒன்றும் விழவில்லை. நான் இதுவரை துவைத்துத் துவைத்துப் பயன்படுத்திய துணியால் பத்து முறை தேய்த்தேன். மழைக்கோடு மாதிரி வரிவரியாக விழுந்தது. உறுதிப்படுத்த, கதவில் ஒரு சதுரத்தைப் பாலிஷ் செய்து பாதியைப் புதுத் துணியாலும் பாதியைப் பழைய துணியாலும் துடைத்தேன். நடுவில் டேப் ஒட்டிப் பிரித்த மாதிரி வித்தியாசம் தெரிந்தது.

காரணம் தண்ணீர்தான். டிடிஎஸ் மீட்டரை எடுத்து அளந்தேன். போர் தண்ணீர் 1,380. சிறுவாணி வரும்போது 50ஐத் தாண்டுவதில்லை. டிடிஎஸ் என்பது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிற எண், கடினத்தன்மையை மட்டும் காட்டாது. ஆனாலும் பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாக அப்பியிருக்கும் சுண்ணாம்பைப் பார்த்தாலே விஷயம் தெரியும். அந்தத் தண்ணீரில் துணியைத் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால், நூலுக்கு நூல் அந்தச் சுண்ணாம்பு ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கையில் பிடித்தால் லேசான மொரமொரப்பு. அதை நான் வெயிலில் காய்ந்ததால் வந்தது என்றே நினைத்திருந்தேன். வெள்ளை வண்டியாக இருந்திருந்தால் இது ஆயுசுக்கும் கண்ணில் பட்டிருக்காது.

இப்போது செய்வது இது. ஐந்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வெள்ளை வினிகர், அதில் துணிகளை ஒரு மணி நேரம் ஊறவைக்கிறேன். அப்புறம் வாசனை இல்லாத திரவ சோப்பில் கையால் அலசல். துணியை மிருதுவாக்க ஊற்றுகிற திரவம் எதுவும் கூடாது, அது நூலில் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கடைசி இரண்டு அலசலும் ஏசி தண்ணீரில். காய்வது வீட்டுக்குள், மின்விசிறிக்குக் கீழே.

ஏசி தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மூன்று வாரத்தில் கிடைத்த பெரிய லாபம் அதுதான். படுக்கையறை ஏசியின் வடிகால் குழாயை ஒரு 20 லிட்டர் கேனுக்குள் விட்டிருக்கிறேன். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவது, கிட்டத்தட்ட காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி. மீட்டரில் 18 காட்டியது. ஒரு இரவுக்கு ஏழெட்டு லிட்டர் சேர்கிறது. காயிலில் இருக்கும் தூசியும் பாசியும் கலந்து வரும், அதனால் மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டாமல் பெயின்ட் மேல் விடக் கூடாது. வண்டியைப் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாகப் பூந்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரில் இதை ஊற்றி மேலிருந்து கீழாக அடித்தால் ஒரு வண்டிக்கு ஆறு லிட்டர் போதும். அப்படியே காய்ந்தாலும் பொட்டு விழுவதில்லை. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பயன்படுத்தலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். அது போர் தண்ணீரைவிட மோசம், பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கும்.

இன்று செய்த முறை: மிருதுவான சிவப்பு பேடு, பட்டாணி அளவில் மூன்று பொட்டு எம்205, வேகம் 3, மெஷினின் எடை மட்டும். கை நகர்வது நொடிக்கு ஓர் அங்குலம். குறுக்கும் நெடுக்குமாக நான்கு சுற்று. மிச்சத்தை உடனே தேய்த்து இழுக்காமல், ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) கலந்த தண்ணீரைத் துணியில் தெளித்து, மடித்த துணியைத் தகட்டின் மேல் வைத்து, அதன் எடையிலேயே நகர்த்தினேன். பிறகு துணியைப் புரட்டிக் காய்ந்த பக்கத்தால் ஒரே ஒரு முறை. ஐபிஏ கட்டாயம், அதால் துடைக்காவிட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்துவிட்டு அடுத்த வாரம் கழுவும்போது காட்டிக்கொடுக்கும். இடது முன்கதவு, இடது ஃபென்டர், பானட்டில் பாதி, மூன்றும் சுத்தம்.

பொருள் விஷயம். நல்ல மாஸ்கிங் டேப் தேடி நஞ்சப்பா சாலைப் பக்கம் போனேன். பெயின்ட் கடையில் கிடைக்கும் சாதாரண டேப் இந்த வெயிலில் பசையை விட்டுவிட்டு வருகிறது. பெயின்டர்கள் வாங்கும் வண்டி டேப் என்று கேளுங்கள், விலை இரண்டு மடங்கு, மதிப்பு பத்து மடங்கு. பாலிஷ் போடாத கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாவற்றையும் மூட வேண்டும். அதில் பாலிஷ் பட்டுக் காய்ந்தால் வெள்ளைக் கறை லேசில் போகாது, வலது கண்ணாடிக்குக் கீழே எனக்கு ஒன்று இருக்கிறது. பேடுகளை இணையத்தில் வாங்கினேன். ஆறு வாங்கியதில் ஒன்றின் வெல்க்ரோ முதல் நாளே சூட்டில் உரிந்து வந்தது. விற்றவரிடம் படத்தோடு எழுதினேன், பதில் இல்லை. கதவு ஒன்றுக்கு இரண்டு ஃபினிஷிங் பேடு தேவைப்படுகிறது, எண்ணி வாங்குங்கள்.

ஹெட்லைட் இரண்டும் மஞ்சளடித்துவிட்டன. 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து அதே காம்பவுண்டில் மெருகேற்றலாம், தாள் வாங்கியே வைத்துவிட்டேன். ஆனால் தேய்த்தபின் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும், எந்தப் பூச்சு என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 3 அங்குலத் தட்டுள்ள சின்ன மெஷின் ஒன்றின் மேலும் கண் இருக்கிறது. தூண்களுக்கும் பம்பரின் மூலைகளுக்கும் 5 அங்குலம் நுழைவதே இல்லை.

அதற்கு முன் மீதி வண்டி. வலது பக்கம் முழுக்க, டிக்கி, பானட்டில் பாதி, கூரை. கூரைக்கு ஸ்டூல் போட்டு ஏறினால் மெஷினை நேராகப் பிடிக்க முடியவில்லை, ஒரு பக்கம் சாய்கிறது. வீட்டு வேலைக்கு வரும் கொத்தனாரிடம் அவருடைய பலகைச் சாரத்தைக் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை கொண்டு வருகிறேன் என்றார். ஜூன் பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். எதிரில் வீடு கட்டுகிறார்கள், எம்-சாண்ட் குவியல் வாசலிலேயே கிடக்கிறது. அந்தக் காற்றில் ஃபினிஷிங் பேடை எடுக்கவே முடியாது. ஏசி போடுவதும் அப்போது நின்றுவிடும். இப்போதைக்கு வடிகட்டிய தண்ணீர் மூன்று கேன் இருக்கிறது, துணி பதினான்கு, எல்லாம் சிடியில் தேய்த்துப் பார்த்துத் தேறியவை. வரும் ஞாயிறு ஆறு மணிக்குக் கூரை.