இயக்குநர் தகுதிநீக்க வழக்கில் என்னைக் காப்பாற்றிய ரசீது

லண்டனில் நாங்கள் நடத்திவந்த மளிகை மொத்த வியாபார நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்ட பின்னர், இயக்குநராக இருந்த எனக்கு நொடித்துப்போன நிறுவனங்களை விசாரிக்கும் அரசு அமைப்பான இன்சால்வென்சி சர்வீஸிடமிருந்து 16ஆம் பிரிவுக் கடிதம் வந்தது. இயக்குநராக இருக்க என்னைத் தகுதிநீக்கக் கோரி வழக்குத் தொடரப்போவதாகச் சொல்லும் முன்னறிவிப்பு அது. கணக்கேடுகளை நான் முறையாக வைத்திருக்கவுமில்லை, நிறுவனத்தைக் கலைக்கும் பொறுப்பிலிருந்த லிக்விடேட்டரிடம் ஒப்படைக்கவுமில்லை என்பது குற்றச்சாட்டு. குறித்த காலத்துக்கு இயக்குநராக இருக்கமாட்டேன் என்று நானே உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வழக்கின்றி முடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

அந்த இடத்தில்தான் பலர் பயந்து கையெழுத்திட்டுவிடுகிறார்கள். 1986ஆம் ஆண்டு இயக்குநர் தகுதிநீக்கச் சட்டப்படி உறுதிமொழிக்கும் நீதிமன்ற ஆணைக்கும் விளைவு ஒன்றே: 2 முதல் 15 ஆண்டுகள் வரை நீதிமன்ற அனுமதியின்றி எந்த நிறுவனத்தையும் நடத்த முடியாது, மீறினால் சிறை செல்லவும் நேரலாம். நான் மறுத்தேன், வழக்கு வந்தது. இது சிவில் வழக்கு என்பதால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி கருதினால் போதும். பதில் சாட்சியத்தை 28 நாட்களுக்குள் சத்தியக் கடதாசியாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

கணக்கேடுகளைப் பெட்டிகளில் போட்டு லிக்விடேட்டருக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தேன். ஆனால் அவரது அலுவலகத்தில், பெட்டிகள் எவையும் வரவில்லை என்றே தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நேரில் போனால் அலுவலகமே இடம் மாறியிருந்தது. புதிய இடத்தில் வரவேற்பு மேசையைத் தாண்டி யாரையும் பார்க்க விடவில்லை. கடைசியில், பழைய விநியோகப் பட்டியல்களுக்கு நடுவே, பெட்டிகளை ஏற்றிச்சென்ற வேன் சாரதி கையெழுத்திட்ட ரசீது கிடைத்தது: திகதி, ஆறு பெட்டிகள், பெற்றுக்கொண்டவர் பெயர். அதன் பிரதியை வழக்கறிஞர் அனுப்பிய பின்னரே சேமிப்புக் கிடங்கில் தேடினார்கள். நிறுவனப் பெயர் ஒட்டியிருந்த தாள்கள் கழன்றுபோய், என் மனைவி தமிழில் எழுதிய "கொள்முதல்", "வாட்" (மதிப்புக் கூட்டு வரி) என்ற சொற்கள் மட்டும் மேலே இருந்ததால், யாருடையவை என்று தெரியாத பெட்டிகளோடு அவற்றையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நிறுவனத்தைக் கலைக்கப்போகிறவர்கள் ஏடுகளை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்த நிலையில் படமெடுங்கள். நிறுவனப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் பெட்டியின் மீதே ஆங்கிலத்தில் எழுதுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை குறித்த ரசீது இல்லாமல் எதையும் வெளியே விடாதீர்கள்.

ரசீதையும் கொள்முதல் ஏடுகளின் பிரதிகளையும் சத்தியக் கடதாசியோடு இணைத்துத் தாக்கல் செய்தோம். முதல் விசாரணைக்கு முன்பே இன்சால்வென்சி சர்வீஸ் வழக்கைக் கைவிட்டது. கைவிடுபவரே எதிர்த்தரப்பின் செலவை ஏற்பது வழக்கமான விதி என்றாலும், முழுத் தொகையும் கிடைக்காது என்று வழக்கறிஞர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதன்படி ஒரு பகுதிதான் வந்திருக்கிறது, மீதி என் கையிலிருந்தே போயிற்று.