பத்து விரல்

மூழ்கிக்கிடந்த ஒரு விசைப்படகில் சிக்கியிருந்த வலையை, நானும் ஒரு பையனும் முக்குளித்து அறுத்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் வாய்ப்பேச்சு கிடையாது. அவன் பத்து விரலையும் விரித்தான். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். அவன் கேட்டது பத்து நிமிடம், நான் சொன்னது மேலே போ. தண்ணீருக்கடியில் கட்டைவிரலுக்கு மறுபேச்சு இல்லை, ஏறிவிட்டான். எங்கள் படகில், வாயில் கவ்வியிருந்த ரெகுலேட்டரைக் கழற்றியதும், "பாதி அறுத்த வலை முழு வலைய வுட மோசம்ணா" என்றான். காசிமேட்டுப் பையன். வலையைப் பற்றி எனக்குச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

அவன் விரல் விரித்தபோது, டேங்கில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் 130 பார். 200-ல் இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்ப வேண்டும் என்பது மூழ்கிய கலத்துக்குள் நுழைகிறவர்களின் கணக்கு. நாங்கள் அந்த விசைப்படகுக்குள் நுழையவே இல்லை, வெளிப்பக்கம்தான் வேலை. ஆக 50 பாரை ஏறுவதற்கு ஒதுக்கினால் மிச்சம் 80. 12 லிட்டர் டேங்கில் அது 960 லிட்டர். அந்த ஆழத்தில் அழுத்தம் தண்ணீருக்கு மேலே உள்ளதைப்போல் 2.2 மடங்கு. நிதானமாக மூச்சுவிட்டால், மேல்மட்டக் கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர், கீழே 44. இருபது நிமிடத்துக்கு மேல் வரும். பையன் கேட்டது அதில் பாதி.

ஆனால் வலை அறுக்கிறவன் நிதானமாக மூச்சுவிடுவதில்லை. 40 லிட்டர் இழுப்பான், கீழே அது 88. பதினோரு நிமிடம்கூட வராது. அதோடு 50 பார் ஒருவருக்குத்தான் தாராளம். கூட்டாளியின் காற்று நின்று, பதறிய இருவரும் ஒரே டேங்கில் மூச்சுவிட்டு, சிக்கலைப் பிரிக்க ஒரு நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏற்றம், 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம் எல்லாம் முடிக்க 60 பார் போய்விடும். தலைக்குமேல் தகரம் இல்லாவிட்டால் என்ன, வலையும் கூரைதான். நைலான் இழை பெரும்பாலும் முதுகுப்பக்கம் டேங்க் வால்வில் மாட்டும், கை எட்டாது. என்னவென்று திரும்பிப் பார்த்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, கூட்டாளியை அறுக்கவிடுவதுதான் வழி.

இத்தனையும் சரி. என்றாலும் இந்தக் கணக்கை நான் போட்டது கரைக்கு வந்து, டீக்கடையில். கீழே கையை உயர்த்தியபோது மனதில் இருந்தது 130 என்ற எண் மட்டும்.

உண்மையில் தவறு அதற்கும் முன்னாலேயே நடந்தது. இரும்பில் மாட்டியிருந்த இடங்களை முதலில் அறுக்கச் சொன்னேன். அவை விட்டதும் மிதவைக் கயிறு மேலே இழுக்க, வலை திரைச்சீலை மாதிரி எழுந்து நின்றது. முதலில் மிதவைகளை எடுத்திருக்க வேண்டும். பிறகு ஓரத்திலிருந்து, நீரோட்டம் வரும் பக்கமாக நின்று, ஒரு முக்குளிப்பில் முடிகிற அளவுக்குத் துண்டு துண்டாக. அப்படிச் செய்திருந்தால் பாதி என்ற பேச்சே எழுந்திருக்காது. விரல் சண்டையையே நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வசதியாகவும் இருக்கிறதோ என்னவோ.

மறுநாளே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து கலங்கிய தண்ணீர் இறங்கினால் நீட்டிய கை தெரியாது, அதில் கத்தியோடு யாரையும் இறக்க முடியாது. மாசியில்தான் திரும்பப் போனோம். அறுத்துவிட்ட பாதி, நாங்கள் வழக்கமாக இறங்கும் கயிற்றையே சுற்றிக்கிடந்தது. உள்ளே நண்டுகள், சில ஓடாக, சில உயிரோடு.

பத்து நிமிட வேலைக்கு இரண்டு முக்குளிப்பு ஆயிற்று. முதலாவதில், இன்னும் இரண்டு கயிறு பாக்கி இருக்கும்போது, அவனே கேஜை என் முகத்துக்கு நேரே நீட்டினான். 130. நான் கை அசைப்பதற்குள் கட்டைவிரலை உயர்த்தினான். முகமூடிக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. ஒப்புக்கொண்டானா, குத்திக்காட்டினானா, படகிலும் நான் கேட்கவில்லை.